திரைவழி நூலகம்

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்பதாகும். 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பள்ளி நூலகர்களாகிய நாங்கள் பெற்றோரின் கைப்பேசிகளை இணைத்து வாட்ஸ்அப் குழு அமைத்தோம். நாள்தோறும் ஒரு கதையைப் பாதிவரை படித்துக் குரற்பதிவாக அனுப்பினோம். நூலகத்தில் வாய்திறவாத சிறுவரும், ‘மிச்சக் கதை என்ன சார்?’ என்று கேட்டனர். உள்ளம் பூரித்தது.

ஆயினும், திறன்பேசி இல்லாத இல்லத்துப் பிள்ளைகளுக்கு அக்கதையின் தொடக்கமே எட்டவில்லை. அரங்கநாதனாரின் விதி அவர்களுக்கும் உரியதன்றோ? ஆதலின், பள்ளி திறந்தபின் குழுவில் இடும் நூற்செய்தி ஒவ்வொன்றையும் நூலக வாயிற் கரும்பலகையிலும் எழுதி வருகிறோம். அதைப் படித்து நூல் கேட்டு வருவோருள் குழுவில் இல்லாதவரே மிகுதி.