ஓசையிடாத பழுது

எமது வீட்டில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. தந்தையார் விட்டுச் சென்றது. 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதாகியபோது, சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளுள் இதுவும் ஒன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, எமது பாட்டியாரைத் தென்மராட்சியிற் கொண்டு சேர்த்ததும் இதுவே. ஆதலால், விற்றுவிடும்படி நண்பர்கள் கூறும்போதெல்லாம் நாம் வேறு பேச்சை எடுத்துவிடுவது வழக்கம்.

முதிய வண்டி வைத்திருப்போர் முதலிற் கற்கவேண்டியது பொறுமை. எஞ்சின் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிடின், கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டே. பெற்றோல் வருகின்றதா? தீப்பொறி வருகின்றதா?

முதல் வினாவுக்குச் செவியே விடை கூறும். இவ்வண்டியின் பெற்றோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் “டிக் டிக்” என ஒலித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்கவேண்டும். ஓயாது ஒலித்தால் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது குழாயிற் காற்றுப் புகுகின்றது. ஒலியே இல்லாவிடின் பம்பினுள்ளே இருக்கும் பொயின்ற் அழுக்கேறியிருக்கலாம். மெல்லத் தட்டினால் அப்போதைக்கு இயங்கும். ஆயினும் வீடு சேர்ந்ததும் துப்புரவு செய்தல் வேண்டும்.

இரண்டாம் வினாவுக்கு டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். அங்குள்ள பொயின்ற் 0.015 அங்குலமும், பிளக்கின் முனை 0.025 அங்குலமும் இடைவெளி கொண்டிருத்தல் முறை. பொயின்ற் கருகியிருப்பின் தீப்பொறி நலியும். மற்றொன்று: இவ்வண்டியிற் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படுவது. இக்கால வண்டிகளின் வழக்கத்தை எண்ணி மாறி இணைப்பவர் புதிய பழுதொன்றை விலைக்கு வாங்குவர்.

றேடியேற்றர் கொதித்தால் ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. விசிறியின் பட்டி தளர்ந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். பிறேக்கை மிதித்தபடி இருக்கையில் அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால், வண்டியை எடுக்கவே கூடாது.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தோம் என்பதில் எமக்குச் சிறிது செருக்கும் இருந்தது. சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரியிலிருந்து கண்டி வீதி வழியே வந்தோம். எஞ்சின் இனிமையாக ஓடிற்று. எமது படலையடியில் வண்டியைத் திருப்பியபோது, “மடார்” என்றோர் ஓசை. முன்சக்கரம் ஒன்று மடிந்து சாய்ந்தது. வண்டியின் மூக்கு நிலத்திற் குத்திற்று. எவருக்கும் காயமில்லை. ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்னர் அதே வண்டி, லொறிகளும் பஸ்களும் விரையும் பெருவீதியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்நினைவில் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை கராஜிலிருந்து வந்த முதியவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “மாஸ்ரர், இதுக்குக் கிறீஸ் அடிச்சு எவ்வளவு காலம்?” என்று கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை.

முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு, மேலும் கீழும் மரையுள்ள இரு தாங்கிகளுட் திரும்புகின்றது. கிறீஸ் இல்லாதுபோனால் மரை தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் முற்றாகக் கழன்றுவிடும். “ஆயிரம் மைலுக்கு ஒருக்கா அடிக்கவேணும். உங்கட ஐயா ஒருநாளும் தவறவிட்டவரில்லை,” என்றார் அவர்.

உண்மைதான். ஞாயிறுதோறும் தந்தையார் சாக்கை விரித்து வண்டியின் கீழே படுத்திருப்பார். விளக்குப் பிடித்தவர் நாமே. ஆயினும், வண்டி வழியில் நின்றால் ஊரார் காண்பர் என்பதால் எஞ்சினைக் கற்றோம். எவரும் காணாத இடத்திலிருந்த இந்தத் தாங்கியை மறந்தோம். புறப்பட மறுக்கும் பழுது எம்மை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றது. ஓசையிடாத பழுதோ எம்மோடு கூடவே பிரயாணம் செய்கின்றது.

இப்பொழுது மாதத்தின் முதல் ஞாயிறன்று நாம் சாக்கை விரிக்கின்றோம். விளக்குப் பிடிப்பவள் மகள். மேலே ஒன்று, கீழே ஒன்று என அவள் எண்ணிச் சொன்ன பின்னரே எழுகின்றோம்.