பழைய காருக்கு நியாய விலை எது?

புதிய காரின் விலையைத் தொழிற்சாலை குறிக்கிறது. பழைய காரின் விலையை இரண்டு மனிதர்கள் எதிரெதிரே அமர்ந்து பேசி முடிக்கிறார்கள். அவ்விருவரில் ஒருவருக்கு அந்தக் காரின் நோய் நொடிகள் யாவும் தெரியும். மற்றவருக்கோ அதன் பளபளப்பு மட்டுமே தெரியும். பழைய கார் வாணிகத்தில் நிகழும் வஞ்சனைகள் பலவற்றிற்கும் இந்த ஏற்றத்தாழ்வே வித்து. அளவான வருவாயுள்ள ஒரு குடும்பம், ஆண்டுக் கணக்கில் சேர்த்த சேமிப்பைக் கொண்டு தன் முதல் காரை வாங்கும்போது, விலையில் நேரும் முப்பதாயிரம் ரூபாய்ப் பிழை ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையே விழுங்கிவிடும்.

ஒரு நிறுவனத்தின் வாகனப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வட்டாரத்து நண்பர்கள் கார் வாங்கும்போதும் விற்கும்போதும் என்னை உடன் அழைத்துச் செல்வதுண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “பன்னிரண்டு வருஷத்து வண்டி, ஆனால் இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. என்ன விலை கொடுக்கலாம்?”

இத்தகைய கார்கள் நம் பகுதியில் மிகுதி. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். கார், ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோவிலுக்கும், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கும் சென்று வருகிறது. மாடவீதிகளின் நெரிசலில் ஓட்ட அச்சம்; பாண்டி பஜாரில் நிறுத்த இடமில்லை. ஆகவே மற்ற நாட்களில் அது உறையைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறது. விற்கும் நாளில், “அதிகம் ஓடாத வண்டி” என்பதே அதன் பெருமையாகப் பேசப்படுகிறது. அந்தப் பெருமைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

காலமும் ஓட்டமும்

காருக்கு இரண்டு வகை முதுமை உண்டு. ஒன்று ஓட்டத்தால் வருவது. மற்றொன்று காலத்தால் வருவது. எஞ்சின், கிளட்ச், சக்கரத் தாங்கிகள் போன்றவை ஓட்டத்தால் தேய்பவை. குறைவாக ஓடிய காரில் இவை நல்ல நிலையில் இருக்கும் என்று நம்பலாம். ஆனால் டயர், பாட்டரி, ரப்பர்க் குழாய்கள், பிரேக் எண்ணெய் ஆகியவை காலத்தால் கெடுபவை. கார் நின்றாலும் இவை மூப்படையும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. பாட்டரியோ நின்ற இடத்திலேயே சக்தியை இழக்கும்.

கிலோமீட்டர் குறைவாக இருப்பதிலும் ஒரு தீமை மறைந்திருக்கிறது. மயிலையிலிருந்து லஸ் வரை சென்று திரும்பும் பயணத்தில் எஞ்சின் முழுமையாகச் சூடேறுவதில்லை. அதனால் எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகிப் போவதுமில்லை. பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று காரின் அடிப்பாகத்தை அரித்துக்கொண்டிருக்கும். நெடுநாள் நின்ற காரின் மின்கம்பிகளை எலிகள் கடித்து வைப்பதும் நாம் அறிந்ததே.

ஆகவே, குறைந்த ஓட்டத்திற்காக விலையைச் சற்று உயர்த்தலாம். ஆனால் கழிந்த ஆண்டுகளை அது அழித்துவிடாது. பன்னிரண்டு வயதுக் கார், எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், பன்னிரண்டு வயதுக் காரே.

மீட்டர் சொல்வது மெய்தானா?

முதலில் அந்தக் குறைந்த ஓட்டம் உண்மையா என்று அறிதல் வேண்டும். மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது பழைய தந்திரம். எண்கள் மின்னும் இன்றைய மீட்டரும் அதற்கு விலக்கன்று. நான் மீட்டரை நம்புவதற்கு முன் காகிதங்களைக் கேட்பேன். பழுதுபார்ப்பு ரசீதுகளில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிக்கொண்டு வர வேண்டும். பிறகு பெடல்களின் ரப்பரையும், ஸ்டியரிங்கையும், ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தையும் பார்ப்பேன். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்க நியாயமில்லை.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 3012 என்றால் 2012-ஆம் ஆண்டின் முப்பதாவது வாரத்தில் செய்தது என்று பொருள். காருடன் வந்த முதல் டயர்களே இன்னும் இருந்து, அவற்றின் பள்ளங்களும் ஆழமாக இருந்தால், மீட்டர் மெய் சொல்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியே தன் முடிவையும் சொல்லிவிடுகிறது: பன்னிரண்டு ஆண்டு டயரில் குடும்பத்தை ஏற்றிச் செல்லுதல் தகாது. நான்கையும் மாற்றும் செலவு விலையில் கழிய வேண்டும்.

சென்னையில் மற்றொரு சோதனையும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளை மூழ்கடித்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை நீரில் நிறுத்தியதையும் எவரும் மறந்திருக்க முடியாது. அந்த வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் பல துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வந்தன. இருக்கையின் அடிக்கம்பிகளில் துரு, தரைவிரிப்பின் கீழே வண்டல், இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்தால் தெரியும் சேற்றுக் கோடு, முகப்பு விளக்கினுள் நீர்க்கறை ஆகியவை மூழ்கிய காரைக் காட்டிக் கொடுக்கும். அத்தகைய காரை எவ்விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

ஒரு கணக்கு

விலையை எவ்வாறு கணிப்பது என்பதை 2024-இல் நடந்த ஒரு விற்பனையைக் கொண்டு விளக்குகிறேன். மந்தைவெளியில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், 2012 செப்டம்பரில் பதிவான ஆல்ட்டோ காரை விற்க விரும்பினார். ஓட்டம் 22,000 கிலோமீட்டர். வாங்க வந்தவர்கள் அடையாற்றில் வாடகை வீட்டில் வாழும் இளந்தம்பதியர். மனைவி செவிலியர், இரவுப் பணி முடிந்து வீடு திரும்ப வேண்டியவர். கைக்குழந்தை ஒன்றும் உண்டு.

வெளிநாட்டிலிருந்த மகன், “புதுசு மாதிரி இருக்கிறது, 2,40,000 ரூபாய்க்குக் குறைக்காதீர்கள்” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். தரகர் ஒருவரோ, “பழைய மாடல், 90,000 ரூபாய்க்கு மேல் போகாது” என்று கூறிச் சென்றிருந்தார். “ஐயா, மகன் சொன்ன விலையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்காகத் தரகர் சொன்னதற்குத் தூக்கிக் கொடுக்கவும் மனம் இல்லை. அவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி” என்றார் அந்த அம்மையார்.

அதே ஆண்டைச் சேர்ந்த, வழக்கமான அளவு ஓடிய ஆல்ட்டோ கார்களுக்கு அப்போது சென்னையில் விற்போர் கேட்ட விலை 1,70,000 முதல் 1,90,000 ரூபாய் வரை. கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. பேசி முடியும் விலை 1,60,000 என்று கொண்டேன். ஒரே உரிமையாளர், முறையான ரசீதுகள், மெய்யான குறைந்த ஓட்டம் ஆகியவற்றிற்காக 20,000 கூட்டினேன். இதற்கு எட்டில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவது என் வழக்கமன்று.

அடுத்தது கழிவு. நான்கு டயர்களுக்கு 13,000, பாட்டரிக்கு 4,500, டைமிங் பெல்ட் மாற்ற 4,000, பிரேக் மற்றும் எண்ணெய்களுக்கு 4,500, குளிர்சாதனக் குழாய்க்கும் வாயுவுக்கும் 4,000. ஆக 30,000 ரூபாய். அந்தக் காரின் 796 சி.சி. எஞ்சினில் ரப்பர் பெல்ட்டே உண்டு. ஓட்டம் குறைவு என்பதற்காகப் பன்னிரண்டு ஆண்டு பெல்ட்டை விட்டுவைத்தால், அது அறுந்து வழியில் நிறுத்திவிடும். எனவே 1,60,000-உடன் 20,000 கூட்டி 30,000 கழிக்க, 1,50,000 ரூபாய் வந்தது. அந்தக் கணக்கைத் தாளில் எழுதி இருவர் முன்னும் வைத்தேன்.

இளைஞர் தாளைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மையார் தாமாகவே ஒன்றைக் கூறினார்: “தம்பி, போன டிசம்பர் மழையில் இந்த வண்டி தெருத் தண்ணீரில் ஒரு நாள் நின்றது. உள்ளே தண்ணீர் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.” நான் விரிப்புகளை எடுத்துப் பார்த்தேன், பட்டைகளை இழுத்துப் பார்த்தேன். நீர் சக்கரத்தின் பாதியளவோடு நின்றிருந்தது; உட்புறம் கெடவில்லை. ஆயினும் இதையறிந்த மகன், “அதை ஏன் அம்மா சொன்னீர்கள்?” என்று தொலைபேசியில் கடிந்துகொண்டார். “அந்தப் பெண் ராத்திரி வேலை முடித்து வருகிறவள். வண்டி நடுவழியில் நின்றால் நான் எப்படித் தூங்குவேன்?” என்று கேட்டார் தாய். மறுமுனையில் பேச்சில்லை. விலை 1,50,000-க்கே முடிந்தது.

குறையைச் சொல்லும் கடமை

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித தாமஸ் அக்குவினாஸ் தம் ‘சும்மா தெயோலோஜியே’ என்னும் பெருநூலில், வாங்குதல் விற்றலில் நேரும் வஞ்சனையை ஒரு தனி வினாவாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார். நியாய விலை என்பது அணுவும் பிசகாத ஒரு புள்ளி அன்று, அது ஒரு மதிப்பீடே என்றும், சிறிது கூடுவதாலோ குறைவதாலோ நீதி கெட்டுவிடாது என்றும் அவர் கருதுகிறார். மறைந்திருக்கும் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஒற்றைக் கண் குதிரையைப் போலக் குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால், சொல்லாவிடினும் குற்றமில்லை என்பது அவர் காட்டும் வேறுபாடு. காருக்கும் இது பொருந்தும். கதவிலுள்ள கீறலை வாங்குபவரின் கண் காணும். வண்டி நீரில் நின்ற செய்தியை விற்பவரின் வாயே சொல்ல வேண்டும்.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. தனித்து வாழும் முதியவர் காரை விரைவில் விற்க விரும்புகிறார் என்பதை அறிந்துகொண்டு, அந்தத் தேவையின் மீது பேரம் பேசுதல் முறையன்று. தலைநகர் டில்லியில் பழைய கார்களுக்கு எழுந்த தடைகளைச் சொல்லி, இங்குள்ளவர்களை அச்சுறுத்தி விலையைக் குறைப்போரும் உளர். தமிழகத்தில் பதினைந்து ஆண்டு நிறைந்த சொந்தக் காரைத் தகுதிச் சோதனைக்குப்பின் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். ஆனால் அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததையும், பசுமை வரி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காகிதம் முடிந்தால்தான் விற்பனை முடியும்

பணம் கைமாறியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்; இது பேராபத்து. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே 29, 30-ஆம் எண் படிவங்களில் கையொப்பமிட்டு, பெயர் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முடித்து, மாறிய பதிவுச் சான்றை விற்பவரும் கண்ணால் காண வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால், மூன்று மாதங்களுக்குள் 31-ஆம் எண் படிவத்தின் வழியே வாரிசு பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். அந்த அம்மையார் அதை முன்னமே செய்திருந்ததால் வேலை எளிதாயிற்று. கடனில் வாங்கிய காரானால், கடன் தீர்ந்ததற்குரிய 35-ஆம் எண் படிவமும் தேவை. காப்புறுதியைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் பதினான்கு நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராததற்கான கழிவு காரைச் சேர்ந்ததன்று, அது விற்பவருடையது. காப்புறுதித் தாளிலுள்ள மதிப்பையே சந்தை விலையாகக் கொள்ளுதலும் தவறு. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காருக்கு அது இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட தொகையே.

கார் பார்க்கச் செல்லும் அன்பர்கள் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. விலையைச் சொல்லும்போது அதன் கணக்கையும் சொல்லுங்கள். கூட்டலும் கழித்தலும் எழுதிய தாளை எதிரே இருப்பவரிடம் தயங்காமல் நீட்ட முடியுமானால், அந்த விலை நியாயமானதே. நீட்டத் தயங்கினால், மறைக்க விரும்பும் வரி எது என்று நம் உள்ளத்தையே கேட்டுக்கொள்வோம்.