விளக்கு வைக்கும் நேரத்து அழுகை

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மாலை ஆறு மணி நெருங்கினாலே எனக்குக் கைகால் ஓடாது. பாளையங்கோட்டையில் ஒரு குறுகிய தெருவில், ஓடு வேய்ந்த வாடகை வீட்டில், நானும் என் மனைவியும் பிறந்து ஆறு வாரமே ஆன எங்கள் மகனும் இருந்தோம். பகலெல்லாம் பூப்போலக் கிடப்பான். எதிர்வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் முகம் சிவக்கும். முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டும். விரல்கள் இறுக மடங்கும். வயிறு மத்தளம்போல் விம்மி நிற்கும். பிறகு அந்த அழுகை தொடங்கும். அது பசிக்கு அழும் அழுகையன்று. பால் கொடுத்தால் இரண்டு மிடறு குடித்துவிட்டு, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு மறுபடியும் வீறிடுவான். ஒன்பது மணி, பத்து மணி, சில நாள்களில் பதினொன்று வரையும் அது ஓயாது.

நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் வரச் செய்தோம். முன்கையில் குப்புறக் கிடத்திக்கொண்டு முற்றத்தில் நடந்தோம். சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை மடக்கி நீட்டினோம். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றித் தொப்புளைச் சுற்றித் தடவினோம். வசம்பைச் சுட்டுக் கருக்கி உரசிப் பூசினோம். 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் 'பேர் சொல்லா மருந்து' என்றும் அந்த வேருக்கு நம் தாய்மார் இட்ட பெயர்களில் எத்தனை தலைமுறையின் நம்பிக்கை இருக்கிறது! (அதனை உள்ளுக்குக் கொடுக்கலாகாது என்று குழந்தை மருத்துவர்கள் இன்று சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டிலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள்.) 'உரம் விழுந்திருக்கிறது' என்றாள் ஒருத்தி. சேலையில் கிடத்தி இப்படியும் அப்படியும் உருட்டி உரம் எடுத்தாள். 'மாந்தம்' என்றார் நாட்டு வைத்தியர். 'கண்ணேறு' என்றவர்களும் உண்டு.

கிரைப் வாட்டரும் வாங்கிவந்தேன். அதன் கதையைப் பிற்காலத்தில்தான் படித்தேன். 1851ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து மருந்து வணிகர் வில்லியம் உட்வர்ட் என்பவர் செய்தளித்த மருந்து அது. அந்தப் பழைய கலவையில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு சாராயமும் சேர்ந்திருந்தது. அக்காலத்துப் பிள்ளைகள் ஏன் அத்தனை விரைவில் அமைதியடைந்தார்கள் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். சாராயம் நீங்கிய பிறகும் நம் பாட்டிமார் அதன்மீது வைத்த பற்று நீங்கவில்லை. எங்கள் மகனோ அதைக் கொடுத்த அன்றும் பதினொரு மணிக்குத்தான் ஓய்ந்தான்.

மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் எடை பார்த்தார், வயிற்றை அமுக்கினார். காய்ச்சல் உண்டா, பச்சையாக வாந்தி எடுக்கிறானா, மலத்தில் இரத்தம் போகிறதா என்று கேட்டார். எல்லாவற்றிற்கும் இல்லை என்றோம். "எடை ஏறியிருக்கிறது. பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் தானாக நின்றுவிடும்" என்றார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். எனக்கு அவர்மீது கடுங்கோபம். இரவு தோறும் எங்கள் வீட்டில் நடப்பது என்னவென்று இந்த மனிதருக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் மனைவியிடம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அவர் சொன்னது சரிதான். அமெரிக்க மருத்துவர் மோரிஸ் வெசல் என்பவரும் அவருடைய தோழர்களும் 1954ஆம் ஆண்டிலேயே இதற்கு ஓர் அளவுகோல் வகுத்திருந்தார்கள். நன்றாகப் பாலுண்டு வளரும் குழந்தை நாளொன்றுக்கு 3 மணி நேரத்திற்கு மேல், வாரத்தில் 3 நாள்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் அழுதால் அது இந்த வகை அழுகை என்பது அவர்கள் கணக்கு. 1962ஆம் ஆண்டில் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டே குறித்து வைக்கச் செய்தார். நலமாக உள்ள குழந்தைகளின் அழுகையும் ஆறாவது வாரத்தில் உச்சத்தை எட்டிப் பிறகு தணிவதை அவர் கண்டார். ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலை நிலத்தில் வாழும் குங் மக்கள், குழந்தையை நாளெல்லாம் உடம்போடு அணைத்துச் சுமப்பவர்கள். நினைத்தபோதெல்லாம் பால் கொடுப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அழும் நேரம் குறைவுதான். ஆனாலும் அவர்களுக்கும் அதே வாரங்களில் அந்த உச்சம் வருகிறது என்று 1991ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வாயுவால்தான் அழுகிறது என்று நாம் எண்ணுகிறோம். அழும்போது விழுங்கும் காற்றினாலேயே வயிறு உப்புகிறது என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. சரியான காரணம் இதுதான் என்று இன்றுவரை எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, தலைப்பிள்ளையைப் பெற மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் நம் வழக்கத்தின் பொருள் எனக்கு வேறாகத் தோன்றுகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ போகும் பெண், பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். இந்த அழுகையின் காலம் முழுவதும் அங்கேயே கழிந்துவிடுகிறது. பாட்டி, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ள ஆள்கள் இருக்கிறார்கள். தகப்பன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பழம் வாங்கிக்கொண்டு வந்து, தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறான். வசதியான ஏற்பாடு! எங்களுக்கு அது வாய்க்கவில்லை. என் மாமியார் எங்கள் திருமணத்திற்கு முன்பே காலமாகிவிட்டார். என் தாயார் பக்கவாதத்தில் ஊரில் படுத்திருந்தார். ஆகவே அந்த வீட்டில் இருந்தவை நான்கு கைகள் மட்டுமே.

ஆகஸ்டு மாத இறுதியில் ஓர் இரவு. மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டு கடுங்காய்ச்சல். உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். மின்சாரம் இல்லை. திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கட்டாகக் கிடந்தன. மூன்று வாரமாக ஓர் இரவும் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியவனில்லை நான். ஆறரை மணிக்குத் தொடங்கியவன் பத்தரைக்கும் நிறுத்தவில்லை. ஒரு நிலையில், அவனை அக்குளில் இரு கைகளாலும் பற்றி என் முகத்துக்கு நேரே தூக்கி, "என்னடா வேணும் உனக்கு?" என்று கத்தினேன். என் விரல்கள் இறுகின. அவனுடைய தலை ஒருமுறை பின்னால் சாய்ந்து முன்னால் வந்தது.

ஒரே ஒருமுறைதான். ஆனால் என் கைகள் அடுத்து என்ன செய்ய இருந்தன என்பதை நான் அறிவேன். அவனைப் பாயில் கிடத்திவிட்டுப் புறவாசலுக்கு ஓடினேன். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பு நடுங்கியது. உள்ளே அவன் அழுதுகொண்டிருந்தான்.

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எட்டுப் பிள்ளை பெற்றவர். ஐந்து பிள்ளைகளே தங்கினர். புறவாசல் வழியாக வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவம் வந்துட்டோ?" என்றார். அந்தக் கேள்வியில் வியப்பும் இல்லை, கண்டனமும் இல்லை. பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "எனக்கும் வந்திருக்குய்யா. ஒரு நாளு பிள்ளைய வாசல்ல போட்டுட்டு வயக்காட்டுப் பக்கம் போயிட்டேன். எங்க மாமியா வந்து எடுத்தா" என்றார். பிறகு உள்ளே போய் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க போயிக் கண்ண மூடுங்க" என்றார். அவன் அவர் தோளிலும் அழுதுகொண்டுதான் இருந்தான். நான் படுத்த இடத்திலேயே உறங்கிவிட்டேன்.

மறுநாள் முதல் விளக்கு வைத்ததும் ஆச்சி வந்துவிடுவார். எட்டு மணி வரை பிள்ளை அவர் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் சோறு உண்டோம்; ஒருவரோடு ஒருவர் பேசினோம். அக்டோபர் கடைசியில், எந்த முன்னறிவிப்புமின்றி, ஒரு மாலை அவன் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. மருத்துவர் சொன்ன மூன்று மாதத்துக்கு ஒரு வாரந்தான் கூடுதல்.

சிசுவின் தலை உடம்பை நோக்கக் கனமானது, கழுத்தோ வலுவற்றது. பிடித்துக் குலுக்கினால் மூளை மண்டையோட்டுக்குள் அலைபட்டு, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுந்துபோகும். சில நொடிகள் போதும். பார்வை போகலாம், மூளை சிதையலாம், உயிரே போகலாம். அப்படிக் குலுக்கியவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர். அழுகையை நிறுத்த வழியறியாமல் களைத்துப்போன பெற்றோரே. இதை நான் படித்தபோது மகனுக்குப் பத்து வயது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவனை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரவைப் பற்றி அவனிடமோ மனைவியிடமோ நான் சொன்னதில்லை.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் இரவு, பதினொரு மணிக்குமேல் அவன் சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. உடனிருந்த சம்பந்தியம்மாள், தம் கணவருக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பியிருந்தார். பின்னணியில் அந்த அழுகை கேட்டது. முப்பது ஆண்டுகள் ஆகியும் என் வயிறு அதை அடையாளம் கண்டுகொண்டது. மருந்து கேட்கப் போகிறான் என்று எண்ணினேன். "அப்பா, எனக்குப் பிள்ளை மேல கோவம் வருது" என்றான். குரல் உடைந்திருந்தது.

"பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வை. கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நில். அழுவதால் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. உன் கோபம் அடங்காமல் தூக்காதே" என்றேன். பிறகு, இருட்டில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே, 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து இரவை அவனுக்குச் சொன்னேன். அக்குளைப் பற்றியதைச் சொன்னேன். தலை சாய்ந்ததைச் சொன்னேன். கிணற்றடியையும் ஆச்சியையும் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. "அது நானா?" என்று மட்டும் கேட்டான். "நீதான் அய்யா" என்றேன்.

பேச்சை முடித்துத் திரும்பினால் மனைவி விழித்திருந்தாள். "எனக்குத் தெரியும். மறுநாள் அவனைத் தூக்கவே பயந்தீர்களே" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல், எழுந்து விளக்கைப் போட்டுத் துணிமணிகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் மாலை நெல்லை எக்ஸ்பிரசில் ஏறி, அதற்கடுத்த நாள் காலையில் அவன் வீட்டை அடைந்தோம். மருமகளை உண்ணவும் உறங்கவும் அனுப்பிவிட்டு, மனைவி முன்னிரவு முறையை எடுத்துக்கொண்டாள், பின்னிரவு என்னுடையது. பத்து மணிக்குப் பேத்தியை வாங்கிக்கொள்ளச் சென்றேன். மகன் கொடுத்துவிட்டும் போகாமல் கூடத்திலேயே நின்றான். இவளுடைய அழுகை தன்னுடைய தவறு என்று எண்ணுகிறவனின் முகம் அது. நான் நன்கு அறிந்த முகம். "போய்ப் படு" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தான், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

பேத்தி ஒரு மணி வரை அழுதாள். அவன் எழவில்லை.