வேணும்

‘சொல்லில் அடங்காத அனுபவம்’ என்று எழுதுகிற கவிஞர்கள்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அடக்கிப் பார்த்தார்களா? மொழியின் எல்லையில் போய் நிஜமாகவே முட்டிக்கொண்டவன் வேறுமாதிரிப் பேசுவான். எங்கள் தூத்துக்குடிக் கரையில் அப்படி முட்டிக்கொண்டவர் கவிஞரே அல்ல.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துகீசியம் அறிந்த உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்து, பரதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1544இல் உடனூழியர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்றிருப்பதை எடுத்துவிட்டு, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடவேண்டும். அதாவது, ‘கடவுளை நம்புகிறேன்’ என்று நினைத்துக்கொண்டு அதுவரை சொல்லிக்கொடுத்தது ‘கடவுள் வேணும்’. அதே கடிதத்தில், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் பலவந்தம் என்று பொருள்படும் ஒரு சொல்லையும் விலக்குகிறார். அவர் பாடுபட்டது மனமுவந்து.

வேதசாஸ்திரப்படி திருத்தம் சரி. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. முத்துக்குளிப்பவன் கல்லின் கனத்தில் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். மூச்சு முட்டும்போது கீழிருந்து ஓர் இழுப்பு, அவ்வளவுதான் பாஷை. (1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. சங்குக்காக இறங்குகிறவர்கள் உண்டு.) அந்த இழுப்பில் ‘நம்புகிறேன்’ எது, ‘வேணும்’ எது? அன்று ‘வேணும்’ என்று போட்டுக்கொடுத்த, பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளனை வெறும் அரைகுறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பின்னால் வந்த அன்ட்ரிக் பாதிரியார் தமிழை முறையாகக் கற்றவர். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 16 பக்கப் புத்தகத்தின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான் ஏற்கெனவே சிவனுக்கு ஆன சொல். சுந்தரரே தம்பிரான் தோழர். ஆள் குடியிருக்கிற வீட்டில்தான் அவரும் இடம் பிடிக்கவேண்டியிருந்தது. அப்படி ஒரு வீடும் அகப்படாதபோது ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று அந்நியச் சத்தமே ஜெபத்துக்குள் வந்தது. என் பாட்டி அதைக் கடைசிவரை அர்த்தம் தெரியாமல் சொன்னாள். அவள் வாயில் அது வெற்றுச் சத்தமாக இல்லை. நானூறு வருஷ உபயோகம் அதில் ஏறியிருந்தது. நம் கவிதைகளில் மாதாமாதம் புதிதாக வரும் படிமங்களை முந்நூறு பேர் ஒருதடவை படிக்கிறோம், அதுவும் நமக்குள்ளேயே.

பேச்சுத் தமிழின் அந்த ‘வேணும்’ சவேரியார் கடிதத்தில் ரோமன் எழுத்தில் இன்னும் இருக்கிறது. நீக்கச் சொல்வதற்காக எழுதியது.