பாயிண்ட் கணக்கில் வராத ஒயர்

திருச்சிக்கு வெளியே, பூச்சு வேலை தொடங்காத ஒரு புது வீடு. உள்ளே காடி வெட்டும் சத்தமும் செங்கல் புழுதியும். ஹாலையும் சமையலறையையும் தன்னிடம் வேலை பழகும் பையன்களிடம் விட்டுவிட்டு, குளியலறையில் மட்டும் ஒயர்மேன் அண்ணன் தானே நின்று வேலை பார்த்தார். "இந்த ஒரு ரூமை மட்டும் நான் யாரையும் நம்பி விடமாட்டேன் சார்."

சுவரெங்கும் சாக்பீஸ் குறிகள். விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், கீசர் மூன்றுக்கும் ஸ்விட்ச் கதவுக்கு வெளியே. கீசர் பாயிண்ட் மட்டும் உள்ளே, ஷவருக்கு எதிர்ச்சுவரில், ஏழரை அடிக்கு மேலே.

அந்த உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஐஇசி 60364 என்ற சர்வதேசத் தரம் குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. தொட்டியின் உட்பகுதி மண்டலம் 0. அதற்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் வரை மண்டலம் 1. அதையடுத்த 60 சென்டிமீட்டர் மண்டலம் 2. தொட்டியே இல்லாவிட்டால் ஷவரிலிருந்து 1.2 மீட்டர் தூரம் வரை மண்டலம் 1 என்று கொள்ள வேண்டும். ஐந்துக்கு ஏழு அடியில் கட்டி, வாளி வைத்துக் குளித்து, அங்கேயே துணியும் துவைக்கிற நம் குளியலறையில் இந்த அளவு ஏறக்குறைய முழு அறையையும் விழுங்கிவிடும். அண்ணன் டேப் வைத்து அளக்கவில்லை. "குளிக்கிற ஆளு கைக்கு எதுவும் எட்டக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

ஒயர் கணக்கு எளிது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எனவே 6 ஆம்பியர் பிளக் கூடாது. 16 ஆம்பியர் வேண்டும். இரண்டரை ஸ்கொயர் காப்பர் ஒயர், தனி எம்சிபி. வழியில் வேறெந்த லைனும் அதில் சேரக் கூடாது.

ஆனால் எம்சிபி காப்பது ஒயரைத்தான், ஆளை அல்ல. மனிதரைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு பங்கு போதும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது உறைக்கவே உறைக்காது. அதற்குத்தான் ஆர்சிசிபி. பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

"விழுறதுதான் இங்க பிரச்சினையே" என்று சிரித்தார். இன்வெர்ட்டர் வைக்க வருகிறவர் அதன் நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு முறுக்கிவிட்டுப் போய்விடுவார். போன கரண்ட் வேறு வழியாகத் திரும்பும், ஆர்சிசிபி விழும். வீட்டுக்காரருக்கு எரிச்சல். யாரையாவது கூப்பிட்டு அதை பைபாஸ் செய்துவிடுவார். விளக்கு எரியும், வெந்நீர் வரும், ஒரு குறையும் தெரியாது.

எர்த் கதையும் இதுவேதான். போர் தண்ணீரின் உப்பு கீசர் காயிலில் பாறைபோல் படியும். உறை வெடித்தால் கரண்ட் தண்ணீரிலும் டேங்க்கிலும் இறங்கும். எர்த்துக்கான பச்சை ஒயர் சரியாக இருந்தால் அந்த நொடியே கசிவு எர்த்துக்குப் போகும், ஆர்சிசிபி விழும். எர்த் இல்லையென்றால், ஈரக் கையோடு ஒருவர் குழாயைத் தொடும்வரை அந்தக் கசிவு காத்திருக்கும். அவர் உடம்பு வழியாகப் பாய்ந்த பிறகுதான் ஆர்சிசிபி விழும்.

எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்பதைப் பக்கத்துத் தெருவில் அண்ணன் முடித்துக்கொடுத்த வீட்டில் காட்டினார். ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு, இரண்டு ஒயர் முனைகள். கீசர் பிளக்கில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பல்பு எரிந்தது. நியூட்ரலில் இருந்த முனையை எர்த்துக்கு மாற்றியதும் 'டக்' என்று ஹாலில் ஆர்சிசிபி விழுந்தது. "இதுவும் விழாம, பல்பும் எரியாம இருந்தா எர்த் இல்லன்னு அர்த்தம். இதை நீங்க செஞ்சு பார்க்காதீங்க, எங்களைச் செய்யச் சொல்லுங்க." ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை நம்பினால் போதாதா என்றேன். அந்தப் பட்டன் சாதனம் வேலை செய்கிறதா என்று மட்டுமே சொல்லும். எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அமுக்கினால் விழும் என்றார்.

கூலி எப்படி என்று கேட்டேன். பாயிண்ட் கணக்கு. லைட் பாயிண்டுக்கு ஒரு ரேட், பவர் பாயிண்டுக்கு ஒரு ரேட். பச்சை ஒயரை இறுக்கி முடுக்கியதற்கும், கடைசியில் பல்பு வைத்துச் சோதித்ததற்கும் தனிக் கூலி இல்லை. அவசரக்காரர் முதலில் விடுவது அதைத்தான். விட்டதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸுக்கும் குழாய்க்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அந்தப் பல்புச் சோதனையை நம் கண்ணெதிரே செய்யச் சொல்லி, அதற்கும் சேர்த்துக் கூலி பேசினால், பச்சை ஒயரும் கணக்கில் வந்துவிடும்.