இடது கையின் வேலை

பாக்ஸிங் கற்க வரும் பையன்களுக்கு முதல் நாளே எதிராளியைச் சாய்க்கிற வலது குத்து வேண்டும். மாஸ்டர் கொடுப்பதோ இடது கையை மட்டும். அதையும் மாதக்கணக்கில்.

சென்னை வியாசர்பாடிப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூடம். தொங்கும் பேக்குகளில் பாதிக்கு மேல் டேப் ஒட்டியிருக்கிறது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரிந்து மோதிய வட்டாரம் இது. 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு கொஞ்ச நாள் கூட்டம் அலைமோதியதாம். “வந்தவன்லாம் நாக்-அவுட் கேட்டான். ஜாப் போடச் சொன்னதும் காணாமப் போயிட்டான்” என்றார் மாஸ்டர். பகலில் துறைமுகத்தில் வேலை, மாலையில் இங்கே. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் எவனாவது ரயில்வேயிலோ போலீஸிலோ சேர்ந்தால், அவன் ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கித் தருவான்.

வலது கைக்காரனுக்கு இடது கைதான் முன்னால் நிற்கிறது. அந்தக் கை நேராக நீண்டு குத்துவதுதான் ஜாப். எதிராளியின் முகத்துக்கு மிகக் குறைந்த தூரம் அதற்குத்தான். பலம் குறைவு, ஆனால் செலவும் குறைவு. ஒரு குத்தில் யாரும் விழப்போவதில்லை. விழ வைப்பதும் அதன் வேலை இல்லை. தூரம் பார்ப்பது, கண்ணை மறைப்பது, எதிராளி கால் ஊன்றி நிற்கவிடாமல் தொந்தரவு செய்வது, பின்னால் வரும் வலது கைக்கு வழி திறப்பது, எல்லாம் இதன் பொறுப்பு. மூன்று நிமிட ரவுண்டு மூன்று ஆடும் அமெச்சூர் போட்டியில், மூச்சு வாங்கும் கடைசி ரவுண்டிலும் கைகொடுப்பது இதுதான்.

ஒரு பையனுக்குப் பேட் பிடித்தார் மாஸ்டர். பத்தாம் வகுப்பு இருக்கும். முழங்கை வெளியே விரியக் கூடாது. விரிந்தால் குத்து வருவது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முஷ்டி போய்த் தொடும் கணத்தில் உள்ளங்கை தரையைப் பார்க்கத் திரும்ப வேண்டும். தோள் எழும்பித் தாடையை மறைக்க வேண்டும். பையன் இதையெல்லாம் சரியாகவே செய்தான். ஆனால் குத்திவிட்டுத் திரும்பும் கை கன்னத்துக்கு வராமல் மார்பு வரை இறங்கியே வந்தது. இறங்கும் ஒவ்வொரு முறையும் மாஸ்டரின் பேட் அவன் கன்னத்தில் ஒரு தட்டு தட்டியது. “இன்னாடா, கன்னத்துக்குக் காவல் உங்க அம்மாவா?” பட். “காலைல சாப்ட்டியா? கை ஏற மாட்டேங்குது.” பட். சுற்றி நின்றவர்கள் சிரிக்க, பையனின் காது சிவந்தது. அடுத்த பத்துப் பதினைந்து குத்துகளுக்குக் கை ஒழுங்காகக் கன்னத்துக்கு வந்தது.

இந்தச் சின்னக் குறை அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸையே கவிழ்த்திருக்கிறது. 1936 ஜூனில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த போட்டி. ஜாப் போட்டதும் லூயிஸின் இடது கை தாழ்வதை ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங் முன்பே கவனித்து வைத்திருந்தார். அந்த இடைவெளியில் வலது கையை இறக்கிக்கொண்டே இருந்தார். 12-ஆவது ரவுண்டில் லூயிஸ் விழுந்தார். 1938-இல் அதே மைதானத்தில் மீண்டும் மோதியபோது ஷ்மெலிங்கை முடிக்க லூயிஸுக்கு 124 வினாடி போதுமானதாக இருந்தது. மாஸ்டர் அந்த 1936 போட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தை மொபைலில் வைத்திருக்கிறார். இறங்கும் அந்தக் கையை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்.

முகமது அலி பெயரை எடுத்தால்தான் சங்கடம். 1980-இல் அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதால், இந்தப் பக்கத்தில் அலி ஏறக்குறைய உள்ளூர்க்காரர். அவரோ கையைத் தொங்கப்போட்டபடி இடுப்பிலிருந்து ஜாப் வீசியவர். ஒரு வாண்டு அதையே செய்து பார்த்து, “அலி இப்டித்தானே மாஸ்டர்?” என்றான். “அலிக்கு காலு இருந்துச்சு. உனக்கு?” வாண்டு கையை ஏற்றிக்கொண்டான்.

இந்தக் குத்தல் பேச்சு எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிள்ளைகளை இப்படிக் கேலி செய்தா சொல்லித்தர வேண்டும்? இப்போதும் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் மாஸ்டர் எந்தப் பையனிடமும் ஒரு நேரத்தில் ஓரிரு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்பதும் இல்லை. ஆள் பார்த்துத்தான் பேசுகிறார். மூலையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த ஒருவனிடம் மட்டும் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. மாவட்டப் போட்டியில் முந்தின நாள்தான் தோற்றிருந்தான். அவனுக்கும் இடது கை தாழ்கிறது, எனக்கே தெரிந்தது.

அவனை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“இப்போ சொன்னா உடைஞ்சிருவான் சார். ரெண்டு நாள் போவட்டும். வியாழக்கிழமை அவனே வந்து முறைப்பான், அப்ப ஆரம்பிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பையனுக்குப் பேட் பிடிக்கப் போய்விட்டார்.