ஒருவருக்கு மட்டும் தெரிந்தது

1985-இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று வேட்பாளர்கள். தேர்ந்தெடுக்க நால்வர் கொண்ட குழுக்கள். சிறந்த வேட்பாளரைப் பற்றிய நல்ல தகவல்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கொட்டிப் பேசியிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார். ஆனால் பெரும்பாலான குழுக்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தன. எல்லோருக்கும் தெரிந்ததே பேச்சை ஆக்கிரமித்துவிட்டது என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம்!

எங்கள் குடியிருப்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். போர்வெல்லை ஆழப்படுத்தலாமா என்று மணிக்கணக்கில் விவாதம். தினமும் மோட்டார் போடும் வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் எந்த மாதம் தண்ணீர் இறங்கும், எப்போது கலங்கலாக வரும் என்று தெரியும். அவரை யாரும் கூப்பிடவே இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்வதற்கு முன், “உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?” என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கடைசி வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்.